அப்போலோனியா ஜெயித்த கை

எர்லன்ஷ்டைனில் இன்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் கையுறைக்காரப் பையனின் கதையைச் சொல்லும். ஏழைப் பையன், வாய்த்துடுக்கு உள்ளவன், அரண்மனைக்குப் போய் ஒரு விடுகதை போட்டான், இளவரசிக்கு விடை தெரியவில்லை, அவளைக் கைப்பிடித்தான், பாதி ராஜ்ஜியமும் கிடைத்தது. குளிர்காலத்தில் நூல் நூற்கக் கூடும் பெண்கள் இதைத்தான் சொல்கிறார்கள். சந்தையில் இதைப் படம் போட்டு ஒற்றைத் தாளாக விற்கிறார்கள். படத்தில் அந்தப் பையனுக்குச் சுருட்டை முடி, தொப்பியில் சேவல் இறகு.

அப்படி ஒரு பையன் இருந்ததே இல்லை. இந்தத் தேவாலயத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் நாற்பது வருடம் நான்தான் பதிவு செய்தேன். ஊரில் கையுறை தைத்தது ஒரே வீடு. அந்த வீட்டில் குழந்தை பிறக்கவே இல்லை. அரண்மனைக்குப் போனவள் நாற்பதை நெருங்கிய ஒரு பெண். பெயர் அப்போலோனியா. ஏற்கெனவே கல்யாணமானவள். இளவரசியை மணக்க அவள் போகவில்லை. தன் புருஷனை மீட்கப் போனாள்.

இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். "பையன் கதைதான் தாத்தா நல்லாருக்கு" என்கிறார்கள். நன்றாக இருப்பதற்காக நடந்ததை மாற்றிக்கொள்ளலாம் என்றால் பதிவு எதற்கு, சாட்சி எதற்கு? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போலோனியா மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா தோல் பதனிடுபவர். படிகாரமும் மாவும் முட்டைக் கருவும் கலந்த தொட்டியில் வெறுங்காலோடு இறங்கி, ஆட்டுத்தோலை மிதித்து மிதித்து வளர்ந்தவள். அவளுடைய பாதம் மட்டும் வெண்ணெய் மாதிரி மிருது, பேச்சுக்கு அந்தத் தொட்டியில் இடம் கிடைக்கவில்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். உயரமானவள், அகன்ற தோள். சந்தையில் அவளிடம் விலை குறைத்துக் கேட்டவர்கள் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

அவளுடைய புருஷன் ஃபெல்டன் அதற்கு நேர் எதிர். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. தோலைத் தடவிப் பார்த்தே அந்த ஆடு எந்தப் பக்கம் சாய்ந்து தூங்கியது என்று சொல்லிவிடுவார். கண் மட்டும் மோசம். பத்தடிக்கு அப்பால் நிற்பது பசுவா பாதிரியாரா என்று அவருக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டுக்கும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிடுவார். பாதிரியார் இதில் கோபித்துக்கொண்டதில்லை.

ஃபெல்டன் வெட்டுவார், அப்போலோனியா தைப்பாள். விரலுக்கு விரல் நடுவே வைக்கும் மெல்லிய பட்டையை அவள் தைத்தால் தையல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பிறந்து இன்னும் புல்லே கடிக்காத ஆட்டுக்குட்டியின் தோலில் அவர்கள் செய்த ஒரு ஜோடியை மடித்தால் அக்ரூட் ஓட்டுக்குள் அடங்கும். அப்படியே ஓட்டுக்குள் வைத்து, நூல் கட்டி, இளவரசியின் பிறந்தநாளுக்குக் கொடுத்தார்கள். இளவரசி உல்ரிக்கா அதைத் திறந்து பார்த்துக் கைதட்டிச் சிரித்ததாகச் சொன்னார்கள். அதன் பிறகு அரண்மனைக் கையுறை எல்லாம் இவர்கள் வீட்டில்தான். இளவரசியின் கை அளவு அப்போலோனியாவுக்கு மனப்பாடம். இந்தச் செய்தியை மறக்க வேண்டாம்.

அந்த வருடம் இங்கிலாந்து ராஜா கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டைக்கு ஆள் போதவில்லை. நம்முடைய பக்கத்துச் சின்னச் சின்ன அரசர்கள் தங்கள் குடிமக்களைப் பட்டாளமாகச் சேர்த்து அவருக்கு வாடகைக்கு விட்டார்கள். நான் வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வாடகைக்கு விட்ட மாட்டுக்காவது கால் ஒடிந்தால் சொந்தக்காரன் அழுவான். இங்கே ஆள் செத்தால் அரசருக்குத் தனியாகப் பணம் வரும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது.

நம் அரசர் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் இல்லாமல் கிடந்தார். அவருக்குப் பதில் கையெழுத்துப் போடும் உரிமை ஒரே மகளான உல்ரிக்காவுக்கு. எதில் போட வேண்டும் என்று காட்டுவது மந்திரி ஃபான் ஹெட்லிங்.

அரசரே நன்றாக இருந்த காலத்தில் ஒரு சட்டம் போட்டிருந்தார். வீடும் எரியும் அடுப்பும் உள்ள குடும்பஸ்தனைப் பட்டாளத்துக்குப் பிடிக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் கல்யாணமாகாத பையன்கள் விவரம் தெரிந்ததும் ஆற்றைத் தாண்டி அடுத்த அரசரின் எல்லைக்குள் ஓடிப்போனார்கள். மந்திரிக்கு நூறு ஆள் வேண்டும். நூறு வரவில்லை. உடனே சட்டம் அவருக்கு மறந்துபோயிற்று.

ஃபெல்டனைக் கடையில் வைத்தே பிடித்தார்கள். அவர் வந்தவர்களை வாடிக்கையாளர்கள் என்று நினைத்து உட்காரச் சொல்லியிருக்கிறார். அப்போலோனியா ஆற்றில் தோல் அலசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது மேசையில் பாதி இழுத்து விட்ட தோல் கோணலாகக் காய்ந்து கிடந்தது. அதைக் கண்டதுமே என்னவோ நடந்துவிட்டது என்று தெரிந்துகொண்டதாகப் பின்னால் சொன்னாள். இழுத்த தோலைப் பாதியில் விட்டுப் போகிற மனிதர் இல்லை அவர்.

ஈரக்கையோடு நேராக மந்திரியின் அலுவலகத்துக்குப் போனாள்.

"ஐயா, என் வீட்டுக்காரரைத் தப்பாப் புடிச்சிட்டாங்க. எங்களுக்கு வீடு இருக்கு, அடுப்பு இருக்கு."

"அடுப்பு இப்ப எரியுதா?" என்று ஃபான் ஹெட்லிங் கேட்டார்.

"நான் ஆத்துல இருந்தேன். எப்படி எரியும்?"

"அப்ப எரியற அடுப்புன்னு சொல்லாத. சட்டத்துல 'எரியும் அடுப்பு'ன்னுதான் இருக்கு."

பக்கத்திலிருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். படித்தவர்களுடைய நகைச்சுவை.

"அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. எதிரி யாரு, தளபதி யாருன்னே தெரியாது."

"அப்ப ரெண்டு பக்கமும் சுடுவான். தைரியசாலின்னு பேர் வரும். போம்மா. மிக்கேல் திருநாளுக்கு இங்கிலாந்து அதிகாரி வர்றார். இளவரசியார் ஆள் பட்டியல்ல கையெழுத்துப் போட்டதும் எல்லாரும் கிளம்பிடுவாங்க."

அங்கிருந்து தோல் தொழிலாளர் சங்கத் தலைவரான சேணக்காரர் ஹார்ட்விக்கிடம் போனாள். அவர் வருத்தப்பட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே வருத்தப்பட்டார்.

"இங்க பாரும்மா. புருஷன் செத்துட்டா விதவை கடையை நடத்தலாம், அதுக்கு விதி இருக்கு. புருஷன் கூட இருந்தா பெண்டாட்டி வேலை செய்யலாம், அதுக்கும் விதி இருக்கு. உன் புருஷன் கடலுக்கு அந்தாண்ட உயிரோட இருந்தா நீ எதுல சேர்த்தி? ரெண்டுலயும் இல்ல. கடையை மூட வேண்டியதுதான்."

"அப்ப அவர் செத்தாத்தான் எனக்குச் சோறுன்றீங்க."

"நான் அப்படிச் சொல்வேனா? விதி அப்படி."

விதியை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

அந்த வாரம்தான் தேவாலயக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். இளவரசிக்கு இருபத்திரண்டு வயது. விடுகதை என்றால் உயிர். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களை எல்லாம் விரட்ட அதையே ஆயுதமாக வைத்திருந்தாள். தன்னால் விடுவிக்க முடியாத விடுகதையை எவர் போடுகிறாரோ அவருக்குத் தன் கை உரியது என்று அறிவித்திருந்தாள். பிரபு வீட்டுப் பிள்ளைகள் சிலர் வந்து முகம் சிவந்து திரும்பிப் போனார்கள். ஒருவர், "பல்லு இருக்கும், கடிக்காது..." என்று தொடங்கியதுமே "சீப்பு. அடுத்தவர்" என்றாளாம்.

அப்போலோனியா கதவின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், மெதுவாகப் படிப்பாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"எழுத்தரய்யா, இதுல 'எவர்'னு போட்டிருக்கே. அது சரியான எழுத்தா?"

"சரியான எழுத்துதான். வர்றவங்க பெரிய இடத்துப் பிள்ளைங்க. மரியாதைக்கு அப்படிப் போட்டிருக்கு."

"'எவன்'னு இல்ல."

"இல்ல."

"அப்புறம் 'கை'ன்னு இருக்கு."

"கல்யாணம் பண்ணிக்கிறதுன்னு அர்த்தம்."

"நான் அர்த்தம் கேக்கல. எழுத்துல என்ன இருக்குன்னு கேக்கறேன்."

"'கை'ன்னுதான் இருக்கு" என்றேன். நான் எழுத்தைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். மிக்கேல் திருநாளுக்கு முந்திய நாள்வரை அவள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஊசி இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டதாக எதிர்வீட்டு ரொட்டிக்காரி எல்ஸபெத் சொன்னாள்.

அந்த நாள் அரண்மனை மண்டபத்தில் விடுகதை கேட்க ஊர்க்காரர்களையும் உள்ளே விட்டிருந்தார்கள். பாதிரியாரோடு நானும் போயிருந்தேன். இளவரசி உயரமான நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நாய்க்குட்டி. அப்போலோனியா ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு முன்னால் வந்து நின்றபோது காவலன் தடுத்தான்.

"கையுறைன்னா பின்வாசல்ல கொடுத்துட்டுப் போ."

"விடுகதை கொண்டாந்திருக்கேன்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

மந்திரி கையை அசைத்து வெளியே போகச் சொன்னார். இளவரசி குறுக்கிட்டாள். "அறிவிப்புல 'எவர்'னுதான் இருக்கு. சீப்பு, கடிகாரம்னு கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. சொல்லும்மா."

அப்போலோனியா தெளிவாகச் சொன்னாள்:

"ஒரு குடம் தண்ணி தூக்கினதில்ல. ஒரு ஊசியில நூல் கோத்ததில்ல. அதோட சட்டையை மடிச்சா அக்ரூட் ஓட்டுக்குள்ள அடங்கும். ஆனா நூறு ஆம்பளைங்கள வீட்டிலேருந்து தூக்கி, கடலுக்கு அந்தாண்ட எறியும். அது எது?"

இளவரசி கால் ஆட்டுவதை நிறுத்தினாள். சாயங்கால மணி அடிக்கும்வரை அவளுக்கு நேரம். முதலில் காற்று என்றாள்.

"காத்து எங்க ஊர்ல மாவு அரைக்குதுங்க. தண்ணியும் இறைக்குது."

"பாய்மரம். பாய்தான் அதோட சட்டை."

"அந்தப் பாய் எந்த அக்ரூட்டுக்குள்ள அடங்கும்?"

பீரங்கி மருந்து என்றாள். தங்கக்காசு என்றாள். மந்திரி குனிந்து காதில் ஏதோ சொன்னார். "இங்கிலாந்து ராஜா" என்றாள், சொன்ன பிறகு அவளே முகம் சுளித்தாள். பிறகு கண்ணை மூடி யோசித்துவிட்டு, "பேனா" என்றாள். அப்போலோனியா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"பேனா இல்லீங்க. வாத்து உடம்புல இறகா இருக்கறப்பவே அது தண்ணியில கிடந்த பண்டம். சட்டையும் கிடையாது. ஆனா நல்லா யோசிக்கிறீங்க. அது இருக்கற இடத்துக்குப் பக்கத்துல வந்துட்டீங்க."

பக்கத்தில் என்று சொன்னதுதான் இளவரசியைக் குழப்பிவிட்டது. மை என்றாள், காகிதம் என்றாள், மெழுகு முத்திரை என்றாள், குமாஸ்தா என்றாள். இவ்வளவும் சொன்ன நேரத்தில் அவள் ஒரு கையால் நாயைத் தடவிக்கொண்டேதான் இருந்தாள். மணி அடித்தது.

அப்போலோனியா இடுப்புப் பையிலிருந்து ஓர் அக்ரூட் ஓட்டை எடுத்து, நூலை அவிழ்த்து, உள்ளே மடித்து வைத்திருந்த வெள்ளைத் தோல் உறையை உதறி விரித்தாள்.

"இதுதான் சட்டை. போட்டுக்கறது உங்க வலது கை."

இளவரசி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என் கை யாரையும் எறியலையே" என்றாள் இளவரசி.

"உங்க கைக்கே அது தெரியலன்னுதாங்க இது விடுகதை."

இளவரசி மந்திரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர், நேரமாகிவிட்டது, கிழவிகளின் உளறல், என்று ஏதோ முணுமுணுத்தார். அப்போலோனியாவுக்கு அப்போது ஒரு நரைமுடிகூட இல்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். அடுத்து அவர் உரத்த குரலில் தீர்ப்பே சொன்னார். "போட்டி செல்லாது. ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்ய முடியாது."

"கல்யாணத்தை யாருங்க கேட்டா? எனக்குப் புருஷன் இருக்கார். நீங்கதான் அவரைக் கொட்டடியில வச்சிருக்கீங்க. எனக்கு அறிவிப்புல போட்டதைக் கொடுங்க, போதும்."

"கைன்னா நிஜக் கைன்னு அர்த்தமா? அது சொல்ற முறைம்மா, சொல்ற முறை."

"எரியற அடுப்புன்னா எரிஞ்சுகிட்டே இருக்கணும்னு போன வாரம் சொன்னீங்களேய்யா. அடுப்புக்கு எழுத்து, கைக்கு அர்த்தமா?"

இந்த இடத்தில் கதை சொல்பவர்கள் எல்லாம் இளவரசி வெட்கப்பட்டுத் தலைகுனிந்தாள் என்கிறார்கள். அவள் வெட்கப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். நாய்க்குட்டி மடியிலிருந்து குதித்து ஓடிவிட்டது. அவளுக்கு அது அந்த வருடத்திலேயே நல்ல விளையாட்டு. வலது கையை நீட்டி, "ஜெயிச்சுட்ட. உன்னுதுதான், எடுத்துக்கோ" என்றாள். ஊர் முன்னால் சொன்னாள். சொன்ன சொல்லை மாற்றாதவள் என்ற பெருமை அவளுக்கு உண்டு. அவளிடம் இருந்த நல்ல குணம் அது ஒன்றுதான் என்று சொன்னால் அநியாயம். ஆனால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கைக்கு முத்தம் கொடுப்பாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அப்போலோனியா அந்த வெள்ளை உறையை மாட்டினாள். அதில் விரலே பிரிக்கவில்லை. கைக்குழந்தைகள் முகத்தைக் கீறாமல் இருக்கப் போடுகிற பை மாதிரி, கட்டைவிரலும் உள்ளே. மாட்டிய வேகத்திலேயே மணிக்கட்டை ஒட்டி, மெழுகு தேய்த்த நூலால் சுற்றித் தைத்தாள். இளவரசியின் தோலில் ஊசி முனை படவில்லை. ஐந்து விரலும் உள்ளே சுருண்டு அடங்கிவிட்டன.

"என் கையை நான் பத்திரமா வச்சுக்கறேன்" என்று சொல்லி வெளியே நடந்தாள்.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் மேசை போட்டிருந்தது. பிடித்த ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இங்கிலாந்து அதிகாரி குதிரையிலிருந்து இறங்கி, ஆட்களின் பல்லைப் பார்த்துவிட்டு, மேசைக்கு வந்தார். பட்டியலை விரித்தார்கள். இளவரசி பேனாவைப் பிடிக்கப் பார்த்தாள். வழுக்கி விழுந்தது. இன்னொரு தடவை முயன்றாள். மை தாள் முழுக்கச் சிந்தியது.

"இடது கையால போடுங்க" என்றார் மந்திரி.

போட்டாள். அதிகாரி அதை முந்தைய ஒப்பந்தக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பாளனிடம் பேசினார். மொழிபெயர்ப்பாளன், "இது கோழி நடந்த தடம் மாதிரி இருக்காம். இவங்க கஜானாவுல இதைக் காட்டினா சிரிப்பாங்களாம்" என்றான்.

மந்திரி கத்தரிக்கோல் கேட்டார். கொண்டுவந்தார்கள். இளவரசி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கொடுத்துட்டேன்னு ஊரே கேட்க சொல்லிருக்கேன். இப்ப வெட்டினா நாளைக்கு என் பேச்சை எந்த நாய் மதிக்கும்? அவளைக் கூப்பிடுங்க."

கூப்பிட எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அப்போலோனியா வாசற்படியிலேயே ஊசியும் கையுமாக நின்றிருந்தாள்.

"என்ன வேணும் உனக்கு?"

"என் கை ஒரே ஒரு வரி எழுதணும். வீடும் அடுப்பும் உள்ளவனைப் பட்டாளத்துக்குப் புடிக்கக் கூடாது."

இளவரசியின் முகம் மாறியது. "அது எங்க அப்பா போட்ட சட்டம் ஆச்சே. ஏற்கெனவே இருக்கே."

"இருக்குங்க."

"அப்ப எதுக்கு நான் மறுபடியும்..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டு மந்திரியைப் பார்த்தாள். அவர் தன் செருப்பின் வெள்ளிக் கொக்கியை ரொம்ப அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இளவரசி முதல் தடவையாக வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். பட்டியலையும் படித்தாள். அத்தனை நாள் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டவள், அன்றுதான் ஒன்றை மேலிருந்து கீழ்வரை படித்தாள். எனக்கு அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இருபத்திரண்டு வயதில், இத்தனை விடுகதைக்கு விடை தெரிந்த பெண்.

அப்போலோனியா பேனா பிடிக்க மூன்று விரல் மட்டும் வெளியே வருமாறு உறையில் தையல் பிரித்தாள். இளவரசி பட்டியலின் மேலேயே அந்த வரியை எழுதினாள். எழுதி முடித்ததும் அப்போலோனியா அந்த விரல்களை மறுபடி உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள். பெயர்கள் அடிக்கப்பட்டன. குடும்பஸ்தர்கள் ஒவ்வொருவராக வரிசையிலிருந்து விலகினார்கள். ஃபெல்டனின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் குரல் வந்த திசையை நோக்கித் தொப்பியைத் தூக்கி வணங்கிவிட்டு, நேராகக் குதிரைகள் பக்கம் நடந்தார். அப்போலோனியா ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"நீதானா?" என்றார்.

"பின்ன யாரு? அந்தத் தோலைக் கோணலாக் காய விட்டுட்டு வந்துட்டீங்களே."

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் மற்றவர்கள் மாதிரி சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

வரிசையில் கல்யாணமாகாத பையன்கள் அப்படியே நின்றார்கள். அவர்களில் யோஸ்ட் ஒருவன், ரொட்டிக்காரி எல்ஸபெத்தின் ஒரே மகன். எல்ஸபெத் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"ஏண்டி அப்போலோனியா, என் புள்ளைக்கு அடுப்பு இல்லையா? ஊருக்கே ரொட்டி சுடற அடுப்புடி. நீ பத்து வருஷமா அதுல வெந்ததைத்தானே தின்ன. அவன் பேரையும் எழுதச் சொல்லு."

அப்போலோனியா ஃபெல்டனின் கையை விட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினாள். "இளவரசியம்மா, இன்னொரு வரி."

இளவரசி தலையாட்டினாள். "அவங்க குடும்பஸ்தங்க இல்ல. இல்லாத சட்டத்தை நான் எப்படி எழுத? கை உன்னுது. நாடு எங்க அப்பாவுது."

"அப்ப இந்தத் தையலை நான் பிரிக்கல."

ஃபான் ஹெட்லிங் இப்போது மறுபடி வாயைத் திறந்தார். மிகவும் மென்மையாகப் பேசினார். "பிரிக்க வேணாம்மா. ஆனா கீழ கையெழுத்து இல்லாத தாள் வெறும் தாள். நீ மேல எழுத வச்ச வரியும் அதே தாள்லதான் இருக்கு. இந்தக் கையெழுத்து விழலன்னா அந்த வரியும் விழல. எல்லாரும் மறுபடி வரிசைக்குப் போகலாம். உன் வீட்டுக்காரரும்தான்."

அந்த மனிதருக்குக் கல்லறையில் வெள்ளைக்கல் தேவதை வைத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அதைத் தாண்டித்தான் நான் தேவாலயத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

அப்போலோனியா எல்ஸபெத்தைப் பார்த்தாள். ஃபெல்டனைப் பார்த்தாள். அவர் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரியாமல், பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து மணிக்கட்டுத் தையலைப் பிரித்தாள். மெதுவாகப் பிரித்தாள், ஒவ்வொரு கண்ணியாக. உறையை உருவி எடுத்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள். இளவரசி கையெழுத்துப் போட்டாள். முரசு அடித்தது. பையன்கள் நடந்தார்கள்.

எல்ஸபெத் அவள் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "உன் புருஷனுக்காக என் புள்ளையக் கொடுத்துட்டியா?"

"ஒரு கைதான் ஜெயிச்சேன் எல்ஸபெத்" என்றாள் அப்போலோனியா. "ரெண்டும் ஜெயிக்கல."

அதற்குப் பிறகு எதிரெதிர் வீட்டில் இருந்த அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. அப்போலோனியா ரொட்டி வாங்க மேட்டுத்தெரு வரை நடந்து போவாள். அரண்மனை அதன் பிறகு கையுறையை ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வாங்கியது. இளவரசி அடுத்த வசந்தத்தில் வடக்கே ஒரு பிரபுவை மணந்து போனாள், விடுகதை எதுவும் இல்லாமலே. சங்கத் தலைவர் ஹார்ட்விக் கடை நடப்பதில் தனக்கு மகிழ்ச்சி என்று சொல்லி அனுப்பினார். யோஸ்ட் திரும்பி வரவில்லை. செத்தானா, அங்கேயே தங்கிவிட்டானா என்று ஒரு செய்தியும் இல்லை. செய்தி இல்லாததால் அடக்கப் பதிவில் அவன் பெயரை நான் எழுத முடியவில்லை. எல்ஸபெத் சாகும்வரை வருடம் ஒரு தடவை என்னிடம் வந்து, "எழுதிடலையே?" என்று கேட்டுவிட்டுப் போவாள். இல்லை என்றால் அவளுக்கு ஓர் ஆறுதல்.

ஊர் என்ன செய்தது? முதலில் பேசாமல் இருந்தது. பிறகு விடுகதையை மட்டும் சொல்லத் தொடங்கியது. பிறகு அப்போலோனியா ஒரு பையன் ஆனாள். பிறகு கல்யாணம் வந்தது, பாதி ராஜ்ஜியம் வந்தது. பிள்ளைகள் நடந்துபோனபோது நாம் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதைவிட ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம் என்பது சொல்லச் சுகமாக இருக்கிறது. எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதால் கோபம் குறையவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வாலிபர் பழங்கதை சேகரிக்க வந்தார். நல்ல மேல்சட்டை, மரியாதையான பேச்சு. நான் அவரை அப்போலோனியாவிடமே கூட்டிப்போனேன். ஃபெல்டன் இறந்துவிட்டிருந்தார். அவளுக்கு எண்பதுக்கு மேல், ஆனால் சன்னலோரத்தில் உட்கார்ந்து இன்னும் தைத்துக்கொண்டிருந்தாள். இங்கே நான் எழுதிய அத்தனையும் அவள் சொன்னாள். அந்த அக்ரூட் ஓட்டைக்கூடக் காட்டினாள்.

வாலிபர் சங்கடத்தோடு நெளிந்தார். "அம்மா, இது ரொம்ப அழகா இருக்கு. ஆனா கடைசியில கல்யாணம் இல்லேன்னா படிக்கறவங்களுக்குக் கதை முடிஞ்ச மாதிரியே இருக்காது. நாயகன் ஒரு வாலிபன்னு வச்சுக்கிட்டா..."

"எப்படி வேணா எழுதிக்கோ தம்பி" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண் எடுக்காமல். "என் பேரு வேணாம். நான் என் புருஷனைக் கூட்டிட்டு வந்துட்டேன், எனக்குக் குறை இல்ல. எதிர்வீட்டுப் பையன் பேரை மட்டும் எங்கயாவது போட்டுடு."

அவர் தலையாட்டினார், குறித்துக்கொண்டார், நன்றி சொன்னார். அவருடைய புத்தகம் வந்தது. வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். சுருட்டை முடிப் பையன் இருந்தான், சேவல் இறகு இருந்தது, கல்யாணமும் இருந்தது. அந்தப் பெயர் எங்கும் இல்லை.

ஆகவே நான் எழுதுகிறேன். கையுறைக்காரப் பையன் என்று இந்த ஊரில் யாரும் இருந்ததில்லை. ரொட்டிக்காரி எல்ஸபெத்தின் மகன் யோஸ்ட் இருந்தான்.